ஆறெழுத்தில் ஒரு வார்த்தை

வாங்க தம்பி, வாங்க. செருப்போடயே வாங்க, தரையெல்லாம் ஈரமாக் கெடக்கு, இப்பத்தான் தொடச்சுவிட்டேன். இந்த நாற்காலியில உக்காருங்க. அதுல வேண்டாம், அதுக்குக் காலு ஆடும். ஏங்க, யாரு வந்திருக்கான்னு பாருங்க. இசக்கிமுத்து! நம்ம ராஜவேலுகூடப் படிச்ச பிள்ளை. தெற்கு ரத வீதியில சைக்கிள் கடை வச்சிருந்தாரே, அவரு மகன். இப்ப ரெவினியூ ஆபீஸ்ல பெரிய உத்தியோகம். தெரியுதா? தெரியுது தம்பி, நல்லாத் தெரியுது. கண்ணைப் பாருங்க, உங்க மேலயே இருக்கு. வாய் ஒண்ணுதான் போச்சு. மத்ததெல்லாம் உங்க சாருக்கு அப்படியேதான் இருக்கு.

ராஜவேலு காலையிலயே போன் பண்ணிட்டான். 'இசக்கி வருவான்மா, சும்மா அப்பாவைப் பாத்துட்டுப் போவான்'னான். சும்மாவாம். பெத்தவளுக்குத் தெரியாதா? புனேயில இருந்துக்கிட்டு உங்களை வேவு பாக்க அனுப்பியிருக்கான். நீங்க போய் ஒண்ணு சொன்னீகன்னா நாளைக்கே திருநெல்வேலியிலருந்து வேன் வந்து நிக்கும். வயசானவுகளைப் பாத்துக்கிடுற எடமாம், நர்சு இருக்காகளாம், ரூமுக்கு ரூம் ஃபேனாம். அப்பாவை அங்க கொண்டுபோய் விட்டுரணுமாம், நான் அவன்கூடப் போய் இருக்கணுமாம். நாப்பத்திமூணு வருசம் குடும்பம் நடத்துன மனுசனை எவ கையிலயோ ஒப்படைச்சிட்டு, நான் புனேயில உக்காந்து சப்பாத்தி திங்கணுமாம். நல்லாருக்குல்ல கதை?

அதனால நல்லாப் பாருங்க தம்பி. ஒண்ணு விடாமப் பாத்துட்டுப் போய்ச் சொல்லுங்க. எனக்கு ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இவுகளை நான் அனுப்ப மாட்டேன், அம்புட்டுத்தான்.

காப்பி ஆறுது, குடிங்க.

அவுகளுக்கா? அவுகளுக்கு இன்னும் ஆகல. காலையிலருந்து வார்த்தை வரலல்லா. வார்த்தை வரட்டும், சூடாப் போட்டுத் தருவேன். நீங்க குடிங்க. அவுக பாக்காகன்னு நீங்க ஏன் டம்ளரைக் கீழ வைக்கீக? அவுக பாக்கட்டும். பாத்தாத்தான் நாக்குல எச்சி ஊறும், எச்சி ஊறுனாத்தான் நாக்குப் புரளும். அப்படித்தான் தம்பி வைத்தியம்.

இந்தத் தட்டு ஞாபகம் இருக்கா? எப்படி மறக்கும்! அதே எழுத்து அட்டைதான். காலண்டர் அட்டையை வெட்டி இவுகளே கருப்பு மையில எழுதுனது. ஏ-யிலருந்து இசட் வரைக்கும், ஒவ்வொண்ணுலயும் நாலு. ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போச்சு, மை மட்டும் மங்கல. அந்தக் காலத்து மை.

இந்தப் பட்டாசல்ல, இந்தக் கூடத்துலதான டியூசன். அந்தா, அந்த அலமாரிகிட்ட வரிசையா நிப்பீக. தெனம் சாயந்தரம் ஒம்பது எழுத்தைத் தட்டுல போடுவாக, அதுலருந்து ஆறெழுத்துல ஒரு இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிக்கணும். நடுவுல இருக்கிற எழுத்து கண்டிப்பா அதுல இருக்கணும். ஊருக்குக் காவக்காரன் மாதிரி அதுக்குத் தலையாரின்னு பேரு வச்சிருந்தாக. தலையாரி இல்லாம வார்த்தை சொன்னா, 'கள்ளன் வாரான்'ம்பாக, எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும். கண்டுபிடிச்சவன் பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். கண்டுபிடிக்காதவன் நிக்கணும். 'வார்த்தையைச் சொல்லு, வாசலைத் தாண்டு.' இவுக சொல்லுறதை அடுப்படியில இருந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். எட்டு மணி ஆச்சுன்னா விட்டுருவாக. வார்த்தை வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. அதையும் சொல்லணும்ல.

நீங்க எட்டாப்பு படிக்கையில ஒரு நாள் ஏழே முக்கால் வரைக்கும் நின்னீக. நின்ன எடத்துலயே மூத்திரம் போயிட்டு. சிரிக்காதீக, நான் பாத்தேன்ல! நான்தான் ராஜவேலு டவுசரை எடுத்துக் குடுத்து, கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய் மாத்திவிட்டேன். திரும்பக் கூட்டிட்டு வந்ததும் சார் என்ன கேட்டாகன்னு ஞாபகம் இருக்கா? 'டவுசர் மாத்தியாச்சு, வார்த்தை எங்கடே?' அந்தக் கால் மணி நேரத்துலதான் நீங்க அந்த வார்த்தையைச் சொன்னீக. சொன்னீகளா இல்லையா? அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாக. இன்னைக்கு நீங்க ஜீப்புல போறீகன்னா அதுக்கு அந்தக் கால் மணி நேரந்தான் காரணம். நீங்களே உங்க கல்யாணத்துல மைக்குல சொன்னீகளே, 'சார் நிக்க வச்சதுனாலதான் நான் இன்னைக்கு உக்காந்திருக்கேன்'னு. நான் முன் வரிசையில இருந்து கேட்டேன்.

அதைத்தான் தம்பி நானும் இப்பச் செய்யுதேன். வேற ஒண்ணும் புதுசாச் செய்யல.

ஏழு மாசம் ஆகுது. காலையில பல்லு விளக்கிட்டு இருந்தவுக அப்படியே சாஞ்சிட்டாக. வலது பக்கம் பூரா விழுந்துட்டு. ஆஸ்பத்திரியில பதினெட்டு நாள். உசுரு தப்பிச்சது தெய்வச் செயல். ஆனா வாய் போச்சு. என்ன பேசணும்னு தெரியுதாம், எல்லாம் புரியுதாம், வார்த்தை மட்டும் வெளிய வராதாம். டாக்டர் படமெல்லாம் போட்டுக் காட்டுனாரு. எனக்கு என்ன விளங்குச்சு? நாப்பது வருசமா ஊருப் பிள்ளைககிட்ட வார்த்தை கேட்ட மனுசனுக்கு ஒரு வார்த்தை வரலைன்னு விளங்குச்சு. அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சிக்குன்னு ஒரு பொண்ணு வந்தா. பெனிட்டான்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். நல்ல பிள்ளை, சின்னப் பிள்ளை. அவதான் சொன்னா, 'அம்மா, கேட்டதை எல்லாம் உடனே எடுத்துக் குடுக்காதீங்க, ஒரு சத்தமாவது குடுக்கச் சொல்லிட்டுக் குடுங்க. சாருக்குப் பிடிச்ச விசயம் எதாவது இருந்தா அதை வச்சுப் பேச்சுக் குடுங்க'ன்னு. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்ல? இவுகளுக்குப் பிடிச்சது என்ன? நான் பரண்ல ஏறி, எழுத்து அட்டை போட்டு வச்சிருந்த இந்தப் பிஸ்கட் டின்னை எடுத்தேன். தூசி தட்டிக் கொண்டாந்து இவுக முன்னால வச்சேன். அன்னைக்கு இவுக மொகத்தைப் பாக்கணுமே! கண்ணுல தண்ணி பொங்கிட்டு. பெனிட்டாகூட, 'பாருங்கம்மா, எவ்வளவு சந்தோசப்படுறாங்க'ன்னா.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு அதே பிள்ளை வந்து என்னைச் சத்தம் போடுதா. 'சத்தம் குடுத்தாப் போதும்னுதானம்மா சொன்னேன், தண்ணி குடுக்காம வைக்கச் சொன்னேனா'ன்னு. தண்ணி குடுக்காம யாரு வச்சா? தண்ணிக்கு நான் நாலெழுத்துதான் கேட்டேன். சாப்பாட்டுக்குத்தான் ஆறு. அந்தப் பிள்ளைக்குச் சாரைப் பத்தி என்ன தெரியும்? சாருக்குச் சலுகை குடுத்தாப் பிடிக்காது. ஒரு தடவை ஹெட்மாஸ்டர் மகன் அஞ்செழுத்துல சொல்லிட்டு நின்னான், அவனையே விடலையே இவுக. நான் பெனிட்டாகிட்டச் சொல்லிட்டேன், 'நீ இனிமே வர வேண்டாம் தாயி, எம்புருசன் எம்பாடு'ன்னு. ராஜவேலுகிட்ட அவதான் போட்டுக் குடுத்திருக்கா. எனக்குத் தெரியும்.

என்ன பாக்குதீக? இன்னைக்கு உள்ள எழுத்தா? பாருங்க, பாருங்க, நீங்களும் ஒரு கை பாருங்க. கியூ, எக்ஸ், கே, பி, ஜே, டி... நடுவுல வி. வி-தான் இன்னைக்குத் தலையாரி.

வராதா? ஏன் வராது?

உயிரெழுத்து ஒண்ணுகூட இல்லையா? அப்படியா. இங்கிலீஷ்லயும் உயிரெழுத்து உண்டோ? எனக்கென்ன தம்பி தெரியும். கண்ணை மூடிக்கிட்டு டின்னுக்குள்ள கையை விடுவேன், வாரதை எடுத்துத் தட்டுல போடுவேன். நான் படிச்சது ரெண்டாங்கிளாஸ். போடுறது என் வேலை, கண்டுபிடிக்கிறது அவுக வேலை. நீங்க இப்பச் சொன்னீகளே 'இதுல வார்த்தையே இல்லை'ன்னு, அதை மட்டும் சார் முன்னால சொல்லாதீக. அந்தக் காலத்துல எந்தப் பிள்ளையாவது அப்படிச் சொன்னா என்ன சொல்லுவாக? 'வார்த்தை இல்லைன்னு சொல்லாதடே. எனக்குத் தெரியலைன்னு சொல்லு.' ஞாபகம் இருக்கா? அவுக சொன்னதுதான். நான் ஒண்ணும் கையிலருந்து போடல.

சரி, நீங்க இவ்வளவு சொல்லுதீக, நாளைக்கு வேணா மாத்திப் போடுதேன். இன்னைக்குப் போட்டது போட்டதுதான். பாதியில மாத்துனாப் பழக்கம் கெட்டுரும்.

மெலிஞ்சுதான் போயிட்டாக. நோக்காடுன்னா மெலியத்தான் செய்யும். ஆனா பட்டினி போடுதேன்னு மட்டும் நினைச்சிராதீக, நான் என்ன ராட்சசியா? ராத்திரி எட்டு மணிக்குச் சோறு உண்டு. வார்த்தை வந்தாலும் வராட்டாலும் உண்டு. குழைய வடிச்சு, ரசம் விட்டுப் பிசைஞ்சு, நானே ஊட்டிவிடுவேன். மருந்து மாத்திரைக்கு நான் எழுத்துக் கேக்குறதில்ல. அது வேளாவேளைக்கு.

முதுகுலயா? சட்டையைத் தூக்க வேண்டாம் தம்பி, குளுரும். சின்னப் புண்ணுதான். திரும்பிப் படுக்க வைக்க ஒத்தை ஆளா எனக்கு முடியல, அதான். வேப்பெண்ணெய் போடுதேன். அங்க அந்த நர்சு எவளாவது வேப்பெண்ணெய் போடுவாளா?

நான் இவுகமேல கோவமா இருக்கேன்னு நினைக்காதீக. ராஜவேலு அப்படித்தான் நினைக்கான். 'பழசை எல்லாம் வச்சுப் பழி தீக்குறியாம்மா'ன்னு ஒரு நாள் போன்ல கேட்டுட்டான். எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு. பழி தீக்குறவ மூத்திரத் துணி அலசுவாளா? என்ன பழசு? எனக்கு ஒரு பழசும் கெடையாது. எல்லாத்தையும் அன்னன்னைக்கே மறந்துட்டேன்.

எங்கம்மா செத்ததைத்தான் அவன் சொல்லுதான். அவனுக்கு எப்படித் தெரியும்? அப்ப அவன் எட்டு மாசப் பிள்ளை. நான்தான் என்னைக்கோ வாய்தவறிச் சொல்லியிருக்கேன் போல.

அது ஒண்ணுமில்ல தம்பி. ஆனி மாசம், செவ்வாக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். சிவகிரியிலருந்து எங்க அண்ணன் ஆள் விட்டிருந்தான். அம்மாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு, கையோட கூட்டிட்டு வாங்கன்னு. வந்தவரு செம்புத் தண்ணியைக் குடிச்சிட்டு, வேற ரெண்டு வீட்டுக்குச் சொல்லணும்னு போயிட்டாரு. நாலு மணிக்கு பஸ். நான் பிள்ளைக்கு ரெண்டு துணி எடுத்து மஞ்சப்பையில வச்சிட்டு வந்து நிக்கேன். இவுக இந்தா, இந்த எடத்துல உக்காந்து டியூசனுக்கு எழுத்துப் பொறுக்கிட்டு இருந்தாக. நிமிந்து பாத்தாக. தட்டை என் பக்கம் திருப்புனாக. 'வார்த்தையைச் சொல்லு, வாசலைத் தாண்டு'ன்னாக.

வெளையாட்டுக்குத்தான் தம்பி. நான் அழுதுட்டு இருந்தேன்ல, அழுகையை மறக்கட்டும்னு வெளையாட்டாச் சொல்லியிருப்பாக. இவுக கெட்டவுக இல்ல. கல்யாணம் ஆன புதுசுல இருந்தே என்னைப் படிக்க வைக்கணும்னு இவுகளுக்கு ஆசை. கோயிலுக்குப் போகணும்னா மூணெழுத்து, சினிமான்னா நாலெழுத்து. எப்படியோ ஒண்ணு ரெண்டு மனப்பாடம் பண்ணிச் சொல்லிருவேன். அம்மாவுக்கு ஆறெழுத்துன்னுட்டாக.

நான் கீழ உக்காந்து அட்டையை நகத்த ஆரம்பிச்சேன். நகத்துதேன், நகத்துதேன், ஒண்ணும் வரல. எழுத்துப் பேரு தெரியும், சேத்து வாசிக்கத் தெரியாது. அடுப்புல பால் பொங்கி ஊத்துது, பிள்ளை அழுவுது. இவுக வாசப்படியில உக்காந்து பேப்பர் படிச்சாக. மூணரைக்கு ஒரு தடவை, 'பஸ்ஸுக்கு நேரமாகுது, சுறுக்கா யோசி'ன்னாக. யோசிச்சேன். நாலு மணிக்கு பஸ் நம்ம தெரு முக்குல ஆரன் அடிச்சிட்டுப் போச்சு. அப்புறம் டியூசன் பிள்ளைக வந்துட்டு. நான் உள்ள போயிட்டேன்.

மறுநாள் மொத பஸ்ஸுல கூட்டிட்டுப் போனாக. போகாம இல்ல. போனோம். அம்மாவுக்கு வாய்க்கட்டு கட்டி நடுவீட்டுல உக்கார வச்சிருந்தாக. சாயந்தரம் வரைக்கும் 'ஆவுடை வந்துட்டாளா, ஆவுடை வந்துட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். எங்க மதினி சொன்னா. அழாதீக தம்பி, நீங்க ஏன் அழுதீக? நானே அழல. திரும்பி வரையில பஸ்ஸுல இவுககிட்டக் கேட்டேன், 'அந்த வார்த்தை என்னது'ன்னு. 'அது நேத்தைய வார்த்தை, அதை ஏன் இப்பக் கேக்க'ன்னுட்டாக. அதோட சரி. நான் அதுக்கப்புறம் கேட்டதில்ல. மனசுலயும் வச்சுக்கிடல.

எதுக்குச் சொல்ல வந்தேன்னா, இவுக ஒண்ணும் பேசவே முடியாத ஆளு இல்ல. அதை நீங்க ராஜவேலுகிட்டச் சொல்லணும். மூணாம் மாசம் ஒரு நாள் பேசுனாக. சத்தியமா. மத்தியானம், நான் எழுத்தைப் போட்டுட்டு எதிர்ல உக்காந்திருந்தேன். இவுக தட்டைப் பாக்கவே இல்ல, என் மொகத்தையே பாத்தாக. வாய் கோணிக்கிட்டுப் போகுது, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சிக்கிட்டு. 'ஆ'ன்னாக. அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு, 'வு'ன்னாக. ஆவு.

ஆமா தம்பி. ஆவுடையம்மா. எம்பேருதான்.

கல்யாணம் ஆகி நாப்பத்திமூணு வருசத்துல இவுக என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. 'ஏட்டி'ம்பாக, 'இந்தா'ம்பாக. ஆளு முன்னால 'ராஜவேலு அம்மா'ம்பாக. எம்பேரு இவுகளுக்குத் தெரியுமான்னே நான் சில நேரம் நினைச்சிருக்கேன். எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன். சுவத்துல சாஞ்சுக்கிட்டு அழுதேன், அழுதேன், அப்படி அழுதேன். எங்கம்மாவுக்குக்கூட நான் அப்படி அழல. அப்புறம் மொகத்தைக் கழுவிட்டு வந்து சொன்னேன், 'அது கணக்குல சேராது. அதுல தலையாரி இல்ல'ன்னு.

அப்படித்தான சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு நான் ஏமாந்து காப்பியைக் குடுத்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும். ஆவுங்கிறதுலயே நின்னிருப்பாக. இவுக எத்தனை பிள்ளையை மேல மேல ஏத்தி விட்டவுக, இவுகளை நான் கீழ விடலாமா? ஆனா அன்னைக்கோட இவுக வாயைத் தொறக்குறதை நிப்பாட்டிட்டாக. நான் எத்தனையோ கெஞ்சிட்டேன். அழுத்தம் தம்பி, எல்லாம் அழுத்தம். தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்காக.

உங்ககிட்ட உள்ளதைச் சொல்லிருதேனே. எனக்கு இப்பச் சந்தோசமா இருக்கு. சொல்லக் கூடாது, கட்டுன புருசன் கையி காலு விழுந்து கெடக்கையில பொண்டாட்டி இப்படிச் சொல்லக் கூடாது. ஆனா இருக்கு. காலையில எந்திரிச்சு வந்து நான் டின்னைத் தொறந்தா இவுக என்னைப் பாக்காக. நான் அடுப்படிக்குப் போனா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காக, எப்ப வருவான்னு. இத்தனை வருசத்துல இந்த மனுசன் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தது இந்த ஏழு மாசந்தான். வேன்ல ஏத்தி அனுப்பிட்டா நான் யாருக்கு எழுத்துப் போடுவேன்? இந்த வீட்டுல தனியா உக்காந்து என்ன செய்வேன்? எனக்குப் பயமா இருக்கு தம்பி. அதைச் சொல்லுங்க ராஜவேலுகிட்ட. வேண்டாம், அதைச் சொல்லாதீக. அம்மா தெம்பா இருக்கான்னு சொல்லுங்க.

என்ன எந்திரிச்சிட்டீக? போனை எதுக்கு எடுக்கீக?

வேனை வரச் சொல்லப் போறீகளா? நீங்களே முடிவு பண்ணிட்டீகளா? தம்பி, கொஞ்சம் இருங்க. சத்தம் போடல, நான் ஏன் சத்தம் போடுதேன்? நான் ஒரே ஒரு நியாயந்தான் கேக்கேன். போகப்போறது யாரு? அவுகதான? அப்ப அவுகளைக் கேளுங்க. உங்க சார்தான, உங்களை ஆளாக்குனவுகதான, அவுக வாயால ஒரு வார்த்தை 'போறேன்'னு சொல்லட்டும். ஆறெழுத்து வேண்டாம், தலையாரி வேண்டாம், தமிழ்லயே சொல்லட்டும். சொல்லிட்டாகன்னா நானே நாலு வேட்டியை மடிச்சு வச்சு, வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைக்கேன். எங்கம்மா சத்தியமா. கேளுங்க. கிட்டப் போய்க் குனிஞ்சு கேளுங்க, காது நல்லாக் கேக்கும்.

சத்தமா.

ஏங்க, தம்பி கேக்கான்ல? இந்த வீட்டை விட்டுப் போறீகளா, என்கூட இருக்கீகளா? சொல்லுங்க. என்னைப் பாக்காதீக, தம்பியைப் பாத்துச் சொல்லுங்க.

பொறுங்க தம்பி, அவசரப்படாதீக. வாய் தொறக்காகல்ல. கழுத்து நரம்பைப் பாருங்க. வருது, வருது. சொல்லுங்க... நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டுத்தான இருக்கோம்...

ம்.

அது வார்த்தை இல்ல தம்பி. அது மூச்சு. மூச்சு எல்லாருக்கும் வரும். கண்ணுல தண்ணி வந்தா அது பதிலாயிருமா? எனக்குந்தான் வந்திருக்கு, எத்தனை நாளு. அதுக்கெல்லாம் யாரும் வாசலைத் தொறந்துவிடல.

பாத்தீகளா? உங்க கண்ணால பாத்துட்டீக. ரெண்டு தடவை கேட்டாச்சு. போறேன்னு சொல்லல. சாருக்குப் போக இஷ்டம் இல்ல. இனிமே இதுல நீங்களோ நானோ ராஜவேலுவோ சொல்லுறதுக்கு என்ன இருக்கு? போனைப் பையில போடுங்க. அப்படி, நல்ல பிள்ளை. நீங்க எப்பவும் சார் சொல் தட்டாத பிள்ளை. ராஜவேலுகிட்ட நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நடந்ததை அப்படியே சொல்லுங்க, நான் கேட்டேன், சார் போறேன்னு சொல்லலடான்னு. அது நெசந்தான?

காப்பியை அப்படியே வச்சிட்டீகளே. பரவாயில்ல, நான் கொட்டிக்கிடுதேன். உங்களுக்கு நாலு மணி பஸ் இருக்கு. இங்கருந்து ஸ்டாண்டுக்குப் பத்து நிமிசம் நடக்கணும், சுறுக்காப் போங்க.

ஏங்க, விடுங்க. தம்பி சட்டையை விடுங்க, கசங்குதுல்ல. புதுச் சட்டை. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கேன்ல. நீங்க இழுக்காதீக தம்பி, கிழிஞ்சிரும். நான் எடுத்துவிடுதேன். இந்தா, ஒவ்வொரு விரலாத்தான் எடுக்கணும்.

என்ன பலம் பாத்தீகளா இந்த இடது கையில? ஏழு மாசமாப் படுத்துக் கெடக்குற மனுசன் கை மாதிரியா இருக்கு? அதையும் ராஜவேலுகிட்ட மறக்காமச் சொல்லுங்க. அம்மா நல்லாப் பாத்துக்கிடுதா, அப்பாவுக்குக் கை நல்லா இறுகப் பிடிக்குதுன்னு சொல்லுங்க.